கதவுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு

பிள்ளையை ஆலோசகரின் அறைக்குள் அனுப்பிவிட்டு, வெளியே போட்ட நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களே, அம்மாக்களே,

பிள்ளையின் பயத்தை 'நடிப்பு', 'செல்லம் கொடுத்த கேடு' என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு நான் இதை எழுதவில்லை. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள். பள்ளி வேன் வரும் நேரம் பார்த்து வரும் வயிற்றுவலி வயிற்றில் பிறப்பதல்ல என்று கண்டுகொண்டவர்கள். 'பயந்த கோளாறு' என்று மந்திரித்துப் பார்த்திருப்பீர்கள், குழந்தை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை வரை செய்து பார்த்திருப்பீர்கள், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தையும் ஒருவழியாக விழுங்கியிருப்பீர்கள். பதற்றத்தால் தவிக்கும் ஒரு பிள்ளையைச் சரியான வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பது நம் ஊரில் இன்னும் லேசான காரியமல்ல. அவ்வளவு தூரம் வந்த நீங்கள் கடைசி நாலு அடியை வைக்காமல் நிற்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம். உள்ளே நடப்பது பிள்ளைக்கும் ஆலோசகருக்கும் இடையிலான விஷயம், நம் வேலை கூட்டிவருவதும் பணம் கட்டுவதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சிகிச்சையில் ஒரு பெரும் பங்கு உங்களுடையது. அதை உங்களிடம் யாரும் எடுத்துச் சொல்லாமல் இருந்திருந்தால், இந்த மடல் சொல்லட்டும்.

பதற்றக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது அறிதல்-நடத்தைச் சிகிச்சை. மருத்துவர்கள் சிபிடி என்று சுருக்கமாகச் சொல்வது. மனத்தில் ஓடும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி 'நிஜமாகவே அப்படித்தான் நடக்குமா?' என்று கேட்கப் பழக்குவது அதில் ஒரு பகுதி. பயப்படும் காரியத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் செய்ய வைப்பது இன்னொரு பகுதி. நோயின் வேரைத் தொடுவது இந்த இரண்டாவது பகுதிதான் என்பது என் துணிபு. நாயைக் கண்டதும் வேறு தெருவில் திரும்பிவிடும் பிள்ளைக்கு அந்த நொடியில் ஒரு நிம்மதி கிடைக்கிறது. விலகியதால்தான் தப்பித்தோம் என்று அந்த நிம்மதி அதற்குக் கற்றுக்கொடுக்கிறது. மறுநாள் இன்னும் ஒரு தெரு தள்ளித் திரும்பும். இந்தக் கணக்கைத் தலைகீழாக்க முடியும் என்று 1924லேயே மேரி கவர் ஜோன்ஸ் காட்டினார். முயலைக் கண்டாலே அலறிய பீட்டர் என்ற சிறுவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பிலிப் கெண்டல், 9 முதல் 13 வயது வரையுள்ள 47 பிள்ளைகளை வைத்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு முதன்மையான பதற்றக் கோளாறு இல்லாமல் போயிருந்தது. அந்தச் சிகிச்சை 16 அமர்வுகள் கொண்டது. வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. ஆலோசகருக்குக் கிடைப்பது அதில் ஒன்று. மீதி நேரத்தில் அந்தப் பிள்ளை நாயைப் பார்க்கும்போதும், வகுப்பில் எழுந்து நிற்கும்போதும், இருட்டிய பிறகு கொல்லைப்பக்கம் போக வேண்டியிருக்கும்போதும் பக்கத்தில் இருப்பது நீங்கள்.

பக்கத்தில் இருந்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'அனுசரணை' நம் குடும்பங்களில் மிகப் பெரிய குணம். பெண்ணெடுக்கும்போதும் பெண் கொடுக்கும்போதும் முதலில் விசாரிப்பது அதைத்தான். பயந்த பிள்ளையிடமும் நாம் அனுசரித்தே போகிறோம். விருந்தாளி பேர் கேட்டால் பிள்ளை வாய் திறக்கும் முன் அம்மா பதில் சொல்லிவிடுகிறாள், 'அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்' என்கிறாள். கழிப்பறை வாசலில் அப்பா காவல் நிற்கிறார். 'இவனை மட்டும் எழுப்பிக் கேள்வி கேக்காதீங்க மிஸ்' என்று ஆசிரியையிடம் சொல்லி வைக்கிறோம். கல்யாண வீட்டில் கூட்டம் என்றால் ஒருவர் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருகிறோம். 'அம்மா, ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்டாலும் நாற்பது தடவையும் 'ஆகாதுடா கண்ணா' என்கிறோம். ஒவ்வொன்றும் அன்பில் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை தெருவை மாற்றித் திரும்புவதற்கு நாம் கையைப் பிடித்து வழிகாட்டுகிறோம். யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழுவினர் இதை அளப்பதற்கென்றே ஓர் அளவுகோலை உருவாக்கி 2013இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்ட பெற்றோரில் ஏறக்குறைய அனைவருமே ஏதோ ஒரு வகையில் இப்படி அனுசரித்துக்கொண்டிருந்தார்கள். பதற்றம் கூடிய வீடுகளில் அனுசரிப்பும் கூடியிருந்தது. ஆகவே இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் தவறு என்று நினைத்து ஒடுங்கிப் போகாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் பவுலா பாரெட், ரொனால்ட் ராப்பி, மார்க் டாட்ஸ் ஆகியோர் 1996இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவதில், இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளக்கூடிய சூழ்நிலைகளைப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். நீ விளையாடச் சேரலாம் என்று போகிறாய், அங்கே விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், என்ன செய்வாய் என்பது மாதிரி. முதலில் பிள்ளை தனியாகப் பதில் சொல்லும். பிறகு அப்பா அம்மாவுடன் கலந்து பேசிவிட்டு மறுபடியும் சொல்லும். பதற்றமுள்ள பிள்ளைகள் பெற்றோருடன் பேசிய பிறகு, விலகிப் போகும் பதிலையே முன்பைவிட அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில நிமிடப் பேச்சுதான். அந்தப் பெற்றோரும் நல்லது நினைத்தே பேசியவர்கள். இரண்டாவது ஆய்வு, 7 முதல் 14 வயது வரையுள்ள 79 பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை கிடைத்த குழுவில் 57 சதவீதம் பேர் கோளாறிலிருந்து விடுபட்டார்கள். பெற்றோரையும் உள்ளே அழைத்து, துணிச்சலைப் பாராட்டுவது எப்படி, முறையீடுகளுக்கு எவ்வளவு செவி கொடுப்பது, தங்கள் சொந்தப் பதற்றத்தை எப்படிக் கையாள்வது, கணவனும் மனைவியும் எப்படி ஒரே நிலைப்பாட்டில் நிற்பது என்று கற்பித்த குழுவில் அது 84 சதவீதம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது முறையே 70, 96 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

இந்தத் துறையை அறிந்த ஒருவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தால் இந்த இடத்தில் மறுத்துப் பேசுவார், அவர் பேச வேண்டியதும்தான். அதே ஆஸ்திரேலியப் பிள்ளைகளை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பார்த்தபோது இரண்டு குழுக்களும் ஒரே அளவில் நன்றாக இருந்தன. 87 ஆய்வுகளையும் ஏறக்குறைய 6,000 பிள்ளைகளையும் உள்ளடக்கி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பிடமிருந்து 2020இல் வந்த தொகுப்பாய்வு, சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 49 பேர் மீண்டார்கள், சிகிச்சையின்றிக் காத்திருந்தவர்களில் 18 பேர்தான் மீண்டார்கள் என்று உறுதிப்படுத்தியது. ஆனால் பெற்றோரைச் சேர்த்தால் சராசரியில் பெரிய வித்தியாசம் வருகிறது என்று அது சொல்லவில்லை. இதை நான் உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் 'பெற்றோர் பங்கேற்றார்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ அடங்கிவிடுகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு முறை கூப்பிட்டு விவரம் சொன்னதும் பங்கேற்புதான், வாரந்தோறும் வீட்டில் அம்மாவே பயிற்சி நடத்தியதும் பங்கேற்புதான். கனடாவின் கத்தரினா மனாசிஸ் தலைமையில், ஏறக்குறைய 900 பிள்ளைகளின் தரவுகளை அந்தப் பங்கேற்பின் தன்மை வாரியாகப் பிரித்து 2014இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. துணிச்சலான செயலுக்குப் பலன் தருவது, பயிற்சியின் பொறுப்பை ஆலோசகரிடமிருந்து பெற்றோருக்கும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் கைமாற்றுவது ஆகிய இரண்டையும் அழுத்தமாகச் செய்த சிகிச்சைகளில், முடிந்த ஓராண்டுக்குப் பிறகும் முன்னேற்றம் தொடர்ந்தது. மற்றவற்றில் கிடைத்தது கிடைத்தபடி நின்றது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள் இதுதான்: நீங்கள் அறைக்குள் ஒரு நாற்காலியை நிரப்புவதால் ஒன்றும் நடக்காது, உங்கள் கைக்கு ஒரு வேலை வந்தால்தான் பலன் உண்டு.

'அப்படியானால் எங்களால்தான் பிள்ளைக்கு இந்த நிலை என்கிறீர்களா?' என்று உங்களுக்குள் ஒரு கோபம் எழலாம். குறிப்பாக அம்மாக்களுக்கு. பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் வளர்ப்பைக் குறை சொல்லும் வாய்கள் நம் வீடுகளில் குறைவில்லை, அவற்றோடு என் குரலும் சேர்ந்துவிடக் கூடாது. பதற்றத்துக்குப் பிறவி இயல்பும் காரணம், சூழலும் காரணம். அதோடு, யார் யாரை மாற்றுகிறார்கள் என்பதும் நாம் நினைப்பதுபோல் ஒருவழிப் பாதை அல்ல. ஆஸ்திரேலியாவின் ஜெனிஃபர் ஹட்சனும் உடன் ஆய்வாளர்களும் தாய்மார்களைத் தம் பிள்ளைகளல்லாத பிள்ளைகளோடும் ஒரு வேலையில் ஈடுபடுத்திப் பார்த்தார்கள். பதற்றமுள்ள பிள்ளை எதிரில் இருந்தபோது தாய்மார்கள் கூடுதலாகத் தலையிட்டு உதவினார்கள். பயந்த முகத்தைப் பார்த்தால் எந்தத் தாயின் கையும் தானாக நீள்கிறது. பயத்தை நீங்கள் உண்டாக்கினீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது வந்த பிறகு நிலைத்திருக்க உங்கள் அனுசரிப்பு உதவுகிறது, அதை நிறுத்தும் வலு உங்களிடம் இருக்கிறது என்கிறேன். குற்றச்சாட்டும் பொறுப்பும் ஒன்றல்ல.

அடுத்து, 'பிள்ளை அழும்போது பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா, இது கொடுமையில்லையா?' என்பீர்கள். தண்ணீரில் தூக்கிப் போட்டால் நீச்சல் தானாக வரும் என்பார்கள் சிலர்; அந்த வைத்தியத்தை நான் சொல்லவில்லை, சிபிடியும் சொல்லவில்லை. கடையில் பேச அஞ்சும் பிள்ளைக்கு முதல் வாரம் உங்கள் பக்கத்தில் நின்று காசை மட்டும் நீட்டினால் போதும். அடுத்த வாரம் 'ஒரு பாக்கெட் பால்' என்று அதுவே கேட்கட்டும், நீங்கள் அருகிலேயே நில்லுங்கள். பிறகு நீங்கள் கடைப்படியில், பிறகு தெருமுனையில், பிறகு வீட்டு வாசலில். ஆசிரியையிடம் கேள்வி கேட்காதீர்கள் என்று சொன்னதற்குப் பதிலாக, மதிய இடைவேளையில் அவரிடம் மட்டும் ஒரு வரி வாசித்துக் காட்ட அனுமதி கேளுங்கள். பிறகு இரண்டு தோழிகள் முன்னால். படி ஏறியதற்குப் பாராட்டு உண்டு, குரல் நடுங்கியதா இல்லையா என்பது கணக்கில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீடுகளில் பயத்துக்கு இரண்டு பதில்கள்தான் வழக்கம். ஒருவர் 'இதுக்கெல்லாம் பயப்படுவாங்களா, ஒண்ணுமில்ல போ' என்பார். பிள்ளையின் பயத்தையே இல்லை என்கிறார். மற்றவர் 'பாவம், வேணாம் விடுங்க' என்பார். பிள்ளையின் திறனை இல்லை என்கிறார். பெரும்பாலும் முதலாமவர் அப்பா, இரண்டாமவர் அம்மா, நடுவில் பிள்ளை. இரண்டுக்கும் பதிலாக இருவரும் சேர்ந்து சொல்ல ஒரு வாசகம் உண்டு: 'உனக்குப் பயமாத்தான் இருக்கு, எனக்குத் தெரியுது. அதைத் தாங்கிக்க உன்னால முடியும், அதுவும் எனக்குத் தெரியும்.' லெபோவிட்ஸ் பெற்றோருக்குக் கற்பிக்கும் முறையின் உயிர்நாடி இந்த இரண்டு பாதிகளும் ஒருசேர வருவதுதான்.

மேல்நாட்டு வைத்தியம் நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்ற சந்தேகமும் நியாயமானது. சில இடங்களில் அப்படியே ஒத்துவராது, மாற்றித்தான் ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளை அம்மா பக்கத்தில் படுப்பது அமெரிக்கக் கேள்வித்தாளில் அனுசரிப்பாகப் பதியப்படலாம். ஒரே அறையில் பாய் விரித்து எல்லோரும் படுக்கும் நம் வீட்டில் அதற்கு அந்தப் பொருளில்லை. அம்மா ஊருக்குப் போன இரவில் அந்தப் பிள்ளை பாட்டியோடோ அக்காவோடோ தூங்குகிறதா என்று கேட்டால்தான் நமக்கு விஷயம் தெரியும். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் மாறினால் போதாது. நீங்கள் மறுத்ததை ஆச்சி ரகசியமாகச் செய்து கொடுத்தால் ஒரு மாதப் பயிற்சி ஒரு சாயங்காலத்தில் கரைந்துவிடும். அவர்களையும் ஒருமுறை கூட்டிப்போங்கள். பேரப்பிள்ளையின் நன்மைக்கு என்று தெரிந்தால் பெரியவர்களைப்போல் உறுதியாக நிற்பவர்கள் கிடையாது. சோறூட்டுவதற்குப் பூச்சாண்டியையும் பிள்ளைபிடிக்காரனையும் கூப்பிடுவதை எல்லோருமாகச் சேர்ந்து நிறுத்திவிடுங்கள்.

உங்கள் சொந்தப் பயத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. வனெஸா காபம், மார்க் டாட்ஸ், சூசன் ஸ்பென்ஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வு 67 பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர் பதற்றக்காரர்களாக இல்லாத வீடுகளில் பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை தந்தாலே 82 சதவீதம் பேர் சிகிச்சை முடிவில் மீண்டார்கள். பெற்றோரில் ஒருவரேனும் பதற்றக்காரராக இருந்த வீடுகளில் அது 39 சதவீதமாகச் சரிந்தது. அந்த வீடுகளில் பெற்றோரின் பதற்றத்தையும் சேர்த்துக் கவனித்தபோது 77 சதவீதமாக ஏறியது. பதற்றக் கோளாறுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது வருமுன்பே குடும்பத்தோடு பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்று கோல்டா கின்ஸ்பர்க் குழுவினர் அமெரிக்காவில் 136 குடும்பங்களில் பார்த்தார்கள். ஓராண்டில், பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளில் 5 சதவீதம் பேருக்குக் கோளாறு வந்தது. எழுத்துத் தகவல் மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதம் பேருக்கு. ராத்திரி கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை சரிபார்க்கிறவர் நீங்களாக இருந்தால், பிள்ளை வர ஐந்து நிமிடம் தாமதமானால் கைகால் உதறுகிறவர் நீங்களாக இருந்தால், அதை ஆலோசகரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிள்ளைக்காக எதையும் செய்வேன் என்கிற நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் சில வேளை உங்களுக்கே சிகிச்சை எடுத்துக்கொள்வதாக இருக்கும்.

பிள்ளை வரவே மறுக்கிறது என்பவர்கள் மனம் தளர வேண்டாம். லெபோவிட்ஸ் குழுவினர் 7 முதல் 14 வயது வரையுள்ள 124 பிள்ளைகளில் ஒரு பாதியினருக்கு நேரடியாக சிபிடி தந்தார்கள், மறுபாதியில் பெற்றோருக்கு மட்டும் 12 அமர்வுகள் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் ஆலோசகரைச் சிகிச்சைக்காகச் சந்திக்கவே இல்லை. ஆனாலும் முன்னேற்றம் மற்ற குழுவுக்குக் குறையாமல் இருந்தது. நேரமில்லை, செலவு தாங்காது என்பவர்களுக்கு இங்கிலாந்தில் கேத்தி கிரெஸ்வெல்லும் சக ஆய்வாளர்களும் செய்தது தெரிய வேண்டும்: 194 பிள்ளைகளின் பெற்றோரை வைத்து 2013இல் வந்த ஆய்வில், ஒரு புத்தகமும் மொத்தம் சுமார் 5 மணி நேர வழிகாட்டலும் முழுமையாகக் கிடைத்த குடும்பங்களில் பாதிப் பிள்ளைகள் முதன்மைக் கோளாறிலிருந்து விடுபட்டார்கள், காத்திருந்தவர்களில் கால்பங்கு. பிள்ளைகளுக்கென்று தனிப் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் எண்ணிக் கிடைக்கும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடையாது.

பதின்வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பாரெட் ஆய்விலேயே பெற்றோர் சேர்ந்ததன் கூடுதல் பலன் சிறிய பிள்ளைகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது, பதினொரு வயது முதல் அது தெரியவில்லை. பதினைந்து வயது மகளுக்குத் தன் ஆலோசகரிடம் தனியாகப் பேச உரிமை உண்டு. அங்கே என்ன பேசினாய் என்று ஆட்டோவில் ஏறியதும் துருவாதீர்கள். வீட்டில் நீங்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

இனி என் வேண்டுகோள். அடுத்த முறை போவதற்குள் ஒரு தாளை எடுத்து, பிள்ளையின் பயத்துக்காக வீட்டில் யார் யார் என்னென்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அம்மா மட்டும் எழுதினால் பாதிதான் வரும், அப்பாவும் உட்காருங்கள். அந்தத் தாளோடு இருவரும் போய், 'வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், எதை முதலில் நிறுத்த வேண்டும், எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள்' என்று கேளுங்கள். அவசியமில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தால் மரியாதையோடு இன்னொரு முறை கேளுங்கள்; கேட்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அந்தத் தாளில் ஆகச் சிறியதாக எது தெரிகிறதோ, அது ஒன்றை மட்டும் இந்த வாரம் நிறுத்துங்கள். பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு நாள் அழுகை கூடலாம். அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, இருவருமாகச் சேர்ந்து உறுதியாக நில்லுங்கள்.